லினக்ஸுக்கு லேப்டாப்: கட்டுவதா, பழையதைத் தேற்றுவதா, வாங்குவதா?

2025 ஜூன் 8

என் லேப்டாப்புக்குப் பதினோரு வயது ஆகிறது. இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1366×768 திரை. உள்ளே இருப்பது லினக்ஸ் மின்ட் மட்டும்தான். பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து பிரௌசரில் ஒரு பக்கம் முழுதாகத் தெரியும் வரை இன்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 2 நிமிடம் 40 விநாடி. இனிமேலும் பொறுக்க முடியாது.

டெஸ்க்டாப்பை இரண்டு முறை நானே கட்டியிருக்கிறேன். அதனால் என் கட்சி இதுதான்: லினக்ஸ்காரர் லேப்டாப்பையும் கட்டத்தான் வேண்டும். வைஃபை சிப் எது, கிராபிக்ஸ் எது என்று நாமே தேர்ந்தெடுத்தால் டிரைவர் தொல்லையே இருக்காது. செய்து பார்த்தவர்கள் யாராவது எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ஜூன் 9

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

டெஸ்க்டாப்பை நம்மால் கட்ட முடிவதே ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையால். 1995இல் வந்தது. மதர்போர்டில் ஸ்க்ரூ துளை எங்கே, பின்பக்கத் துளைகள் எங்கே, பவர் சப்ளை எவ்வளவு அகலம் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவான விஷயம். யார் செய்த போர்டும் யார் செய்த பெட்டியிலும் உட்காரும். லேப்டாப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. போர்டை அந்த ஒரு பெட்டிக்காகவே வெட்டியிருக்கிறார்கள். ஃபேன் இருக்கும் இடத்தில் வளைந்து, பேட்டரி இருக்கும் இடத்தில் ஒடுங்கி, சார்ஜர் எந்த மூலையில் நுழைகிறதோ அங்கே ஒரு கொம்பு நீட்டிக்கொண்டு இருக்கும். வேறு மாடலில் கொண்டுபோய் வைக்க வழியே இல்லை.

ஆக ‘கட்டுவது’ என்றால் இரண்டில் ஒன்று. ரேமும் டிஸ்க்கும் இல்லாத வெற்று லேப்டாப்பாக வாங்கி அவற்றை மட்டும் நாம் போடுவது. இல்லையென்றால் ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனத்தின் லேப்டாப். அது 2021இல் வந்தது. போர்டையே கழற்றி அடுத்த தலைமுறை போர்டை அதே உடம்பில் மாட்டலாம், இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குக்கூடப் போகலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 13 அங்குல மாடலில் 11, 12, 13ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகளுக்கு டிடிஆர்4 ரேம், ஏஎம்டி 7040 போர்டுக்கு டிடிஆர்5. போர்டு மாறினால் ரேமும் மாற வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஜூன் 15

‘முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று அளந்து பார்த்தீர்களா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அளக்கவில்லை. ஒரு வாரமாக அளந்தேன்.

ஒரு டெர்மினலில் விஎம்ஸ்டாட் (ப்ராசஸர், ரேம், டிஸ்க் என்ன செய்கின்றன என்று எண்களாகக் காட்டும் நிரல்) ஓடவிட்டு, வழக்கம்போல என் வேலையைப் பார்த்தேன். பிரௌசரில் பத்துப் பன்னிரண்டு டேப், ஒரு எடிட்டர், பின்னால் ஒரு பாட்டு. ப்ராசஸர் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. ஆனால் டேப் மாற்றும்போதெல்லாம் ஐஓவெயிட் (டிஸ்க்குக்காக ப்ராசஸர் காத்திருக்கும் நேரம்) 60, 70 சதவீதத்துக்குத் தாவுகிறது, ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) 2 ஜிபியைத் தாண்டுகிறது. ரேம் போதாமல் பக்கங்களை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் இறக்குகிறது, திரும்ப ஏற்றுகிறது. ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே மெதுவான ஆள். ப்ராசஸர் பாவம், சும்மா காத்துக்கொண்டு நிற்கிறது.

இந்த எண்களைப் பார்த்த பிறகு புது லேப்டாப் பக்கம் மனம் போகவில்லை. நோய் ரேமிலும் டிஸ்க்கிலும் இருக்கிறது, இரண்டுமே கழற்றி மாட்டக்கூடியவை. முதலில் தேற்றிப் பார்க்கிறேன்.

ஜூன் 21

திறந்தாயிற்று. அடிமூடியில் பதினொரு ஸ்க்ரூ, அதில் மூன்று நீளமானவை. ஒரு தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே செல்லோடேப்பால் ஒட்டி வைத்தேன். நீளமானதைக் குட்டைத் துளையில் திருகினால் மேலே கீபோர்டு பக்கம் பிதுங்கும், அதனால் இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் தகடுகளுக்கும் நடுவே தூசி அடை அடையாக இருந்தது. காற்று போவதற்கு வழியே இல்லை. சாமணத்தால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக, கம்பளித் துணி மாதிரி உரிந்து வந்தது. ப்ராசஸர் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிது வைத்தேன். இவ்வளவு செய்ததற்கே சும்மா இருக்கும்போது சூடு 61 டிகிரியிலிருந்து 46க்கு இறங்கிவிட்டது.

ஆனால் புது 8 ஜிபி ரேமைப் போட்டதும் திரையே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். பழைய ரேமை மட்டும் போட்டால் ஓடுகிறது. புதிது பழுதா?

ஜூன் 22

பழுதில்லை. நான் வாங்கியது டிடிஆர்3, இந்தப் போர்டுக்கு வேண்டியது டிடிஆர்3எல். அது 1.5 வோல்ட், இது 1.35 வோல்ட். அச்சு அசல் ஒரே உருவம், ஒரே வெட்டு, ஸ்லாட்டில் சிக்கலில்லாமல் இறங்கும். 4ஆம் தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்கள் குறைந்த வோல்ட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பாருங்கள்: பிசி3எல் என்று இருந்தால் அந்த ‘எல்’ தான் விஷயம். ஒரு எழுத்து பார்க்காமல் விட்டதில் ஒரு நாள் போயிற்று. நல்லவேளை, மாற்றித் தருகிறார்கள்.

ஜூன் 29

8 ஜிபி டிடிஆர்3எல், பழைய 4 ஜிபியோடு சேர்ந்து 12. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; சாட்டா என்பது அதன் இணைப்பு வகை). பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ, அதனால் தளராமல் இருக்க அதோடு வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்ட வேண்டியிருந்தது. மின்ட்டைப் புதிதாகவே நிறுவினேன், வீட்டு அடைவை (என் கோப்புகள் இருக்கும் இடம்) மட்டும் நகலெடுத்தேன்.

அதே சோதனை, அதே கடிகாரம்: 31 விநாடி.

இதை எழுதும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. பதினொரு வருடம் கூடவே இருந்த பொருள் மறுபடி எழுந்து நடக்கிறது. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஜூலை 13

‘சாட்டா எதற்கு, என்விஎம்இ போட்டிருக்கலாமே’ என்று கேட்டவருக்கு: என்விஎம்இ என்பது பிசிஐஇ வழியாகப் போகும் வேகமான எஸ்எஸ்டி, என் போர்டில் அதற்கான ஸ்லாட்டே கிடையாது. இருந்தாலும் அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை, பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3500 வரை போகும் என்பதெல்லாம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போதுதான். பூட் ஆவதும் நிரல் திறப்பதும் சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே பொறுக்கி எடுக்கும் வேலை. ஹார்ட் டிஸ்க்கின் முள் அலைவது நின்றாலே முக்கால்வாசி பலன் கிடைத்துவிடும்.

எம்.2 ஸ்லாட் (சின்னக் குச்சி போன்ற எஸ்எஸ்டியை மாட்டும் இடம்) இருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: அந்த ஸ்லாட்டில் சாட்டா மட்டும் ஓடலாம், என்விஎம்இ மட்டும் ஓடலாம், இரண்டும் ஓடலாம். துளையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் படியுங்கள்.

ஆகஸ்ட் 3

ஜூன் 29இல் எழுதியதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

வீடியோ. 1080பி ஓடவிட்டால் ஃபேன் அலறுகிறது, ப்ராசஸர் 80 சதவீதத்துக்குப் போகிறது, பேட்டரி கரைகிறது. ரேம் நிறைய காலி, டிஸ்க் சும்மா இருக்கிறது. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. இணையத்தில் வரும் வீடியோவில் நிறைய விபி9 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, இப்போது ஏவி1 என்ற முறையும் சேர்ந்துகொண்டது. 4ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸுக்கு ஹெச்.264 என்ற பழைய முறையை விரிக்கத் தெரியும், விபி9 தெரியாது. அதனால் அந்த வேலை முழுக்க ப்ராசஸர் தலையில் விழுகிறது. விபி9ஐ முழுதாக ஹார்ட்வேரிலேயே விரிப்பது 7ஆம் தலைமுறையிலிருந்து, ஏவி1 11ஆம் தலைமுறையிலிருந்து. இது சிலிக்கானுக்குள் இருக்கிற விஷயம். எந்த ரேமும், எந்த எஸ்எஸ்டியும், எந்த டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் வகையும்) இதைச் சரிசெய்யாது.

தேற்றிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்க் மெதுவாக இருந்தவரை எல்லாப் பழியும் அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த குறை தலைகாட்டியது.

ஆகஸ்ட் 5

பிரௌசரில் ஹெச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும் நீட்சி ஒன்று இருக்கிறது, போட்டேன். 80 சதவீதம் 25க்கு இறங்கியது. ஆக ‘எதுவும் சரிசெய்யாது’ என்றது முழுக்கச் சரியில்லை, சுற்றுவழி இருக்கிறது. எத்தனை நாளைக்கு ஹெச்.264இல் தருவார்களோ அத்தனை நாளைக்கு.

ஆகஸ்ட் 24

கீல் போயிற்று.

மூடியைத் திறக்கும்போது இடது மூலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம், திரைச் சட்டம் விரிந்து உள்ளே வயர் தெரிகிறது. கழற்றிப் பார்த்தேன். கீல் இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்திருந்த மூன்று பித்தளைக் குமிழ்கள் மேல்மூடியின் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தவை. இரண்டு வேரோடு பிடுங்கி ஸ்க்ரூவிலேயே தொங்குகின்றன, சுற்றிலும் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பதினொரு வருடம் திறந்து மூடியதில் கீலில் எண்ணெய் வற்றி இறுகிவிட்டது. இறுகிய கீல் தான் சுழலாமல் பிளாஸ்டிக்கை நெம்புகிறது. எபாக்ஸி வைத்து ஒட்டியிருக்கிறேன், நிற்குமா தெரியாது. உங்கள் கீல் இறுக்கமாகத் தெரிந்தால் அதன் நட்டைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், உடைவதற்கு முன்பே.

பேட்டரியையும் அன்றே பார்த்தேன். யூபவர் என்ற நிரல் காட்டுவது: வடிவமைத்தபோது 48 வாட்-அவர், இப்போது நிறைந்தால் 19. இந்த மாடலுக்கு அசல் பேட்டரி வருவது நின்றுவிட்டது. புதிது என்று விற்கப்பட்ட ஒன்றை வாங்கினேன், முதல் நாளே 31தான் காட்டியது. திருப்பிவிட்டேன்.

இப்போது என் பட்டியல் மாறிவிட்டது. ரேம், டிஸ்க் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வயதாகும்போது லேப்டாப்பைக் கொல்வது கீல், பேட்டரி, திரை, கீபோர்டு. இவை கிடைக்குமா, கழற்ற முடியுமா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

செப்டம்பர் 14

நண்பர் ஒருவர் புது லேப்டாப் வாங்கியிருக்கிறார். மெல்லியது, அழகானது, கை வைத்தால் உலோகம். லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓடவிடும் பென்டிரைவ்) எடுத்துப் போய் அரைநாள் சோதித்தோம். புதிது வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

லினக்ஸை நிறுவும் நிரல் டிஸ்க்கையே காணோம் என்றது. பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) டிஸ்க்கை அணுகும் முறை ரெய்டு என்று இருந்தது, ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றியதும் டிஸ்க் தெரிந்தது. விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைச் சும்மா மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். அதை முதலில் தயார்செய்துவிட்டு மாற்றுங்கள்.

கேமரா வரவில்லை. அது யுஎஸ்பி கேமரா இல்லை, இன்டெல்லின் ஐபியூ6 என்ற படச் செயலி வழியாகப் போகும் மிபி வகைக் கேமரா. லினக்ஸில் இதை ஓடவைக்கத் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது. கைரேகை வேலை செய்யவில்லை, லினக்ஸில் கைரேகைக்கான லிப்எஃப்பிரின்ட் என்ற மென்பொருளின் பட்டியலில் அந்தச் சென்சார் இல்லை. வைஃபை முதல் நொடியிலேயே வந்தது, இன்டெல் சிப்.

அப்புறம் தூக்கம். சிஸ் அடைவுக்குள் பவர் அடைவில் மெம்_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் இந்த லேப்டாப்புக்கு எந்த வகைத் தூக்கம் தெரியும் என்று ஒரு வரியில் சொல்லும். என் பழையதில் ‘எஸ்2ஐடில்’, ‘டீப்’ இரண்டும் உண்டு. நண்பருடையதில் எஸ்2ஐடில் மட்டும். டீப் என்றால் ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிற்கும். எஸ்2ஐடிலில் எல்லாம் அரைக்கண் மூடிக் கிடக்கும்; ஒரு டிரைவர் சரியாக ஒத்துழைக்காவிட்டால் மூடிய லேப்டாப் பைக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். எஸ்2ஐடிலிலும் நன்றாகத் தூங்கும் லேப்டாப்கள் உண்டு, இதைத் தடை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு இரவு தூங்கவைத்து காலையில் பேட்டரியைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். நண்பருடையது இரவில் 100இலிருந்து 74க்கு வந்திருந்தது.

இத்தனைக்கும் மேல், ரேம் போர்டோடு பற்றவைத்தது. 16 ஜிபி. கடைசி வரை 16தான்.

அக்டோபர் 19

14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல்லில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. அதனால் 6, 7ஆம் தலைமுறை அலுவலக லேப்டாப்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன. லினக்ஸ் அவற்றில் நன்றாகவே ஓடும். குப்பைக்குப் போக விடாதீர்கள்.

என் கண் மட்டும் 8ஆம் தலைமுறையில் இருக்கிறது. 7ஆம் தலைமுறை ஐ5-7200யூவில் இரண்டு கோர். அடுத்து வந்த ஐ5-8250யூவில் நான்கு கோர், அதே 15 வாட்டில். ஒரே தலைமுறையில் இரட்டிப்பு. விபி9 பிரச்சினையும் இதில் தீர்ந்துவிடும்.

திங்க்பேட் டி480 பார்க்கிறேன். 2018 மாடல். இரண்டு டிடிஆர்4 ஸ்லாட், எதுவும் பற்றவைத்ததில்லை. உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று, வெளியே கையால் கழற்றும் பேட்டரி இன்னொன்று, அது 72 வரை கிடைக்கிறது. வெளிப் பேட்டரியை லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். கீபோர்டைக் கீழிருந்து இரண்டு ஸ்க்ரூ தளர்த்தி எடுத்துவிடலாம். ஆகஸ்டில் போட்ட என் கேள்விக்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது.

அக்டோபர் 20

பெயரைக் கவனியுங்கள். டி480 வேறு, டி480எஸ் வேறு. ‘எஸ்’ போட்டதில் ரேமின் ஒரு பகுதி போர்டில் பற்றவைத்தது, ஸ்லாட் ஒன்றுதான், வெளிப் பேட்டரி கிடையாது. மறுபடியும் ஒரு எழுத்து.

நவம்பர் 9

வாங்கிவிட்டேன், செகண்ட் ஹேண்ட் டி480.

நேரில் போய்ப் பார்த்தேன், பையில் லைவ் யுஎஸ்பி. முதல் வேலை பயாஸுக்குள் நுழைவது. அலுவலகத்திலிருந்து வரும் லேப்டாப்களில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டே விட்டுவிடுவார்கள். நுழைய முடியாவிட்டால் அது எவ்வளவு நல்ல லேப்டாப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதலில் காட்டிய ஒன்று அப்படித்தான் இருந்தது, வேண்டாம் என்றேன். இரண்டாவது திறந்தது. லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அமுக்கினேன். யூபவரில் உள்பேட்டரி 24க்கு 20, வெளியே 48க்கு 33. திரையை முழு வெள்ளையாக்கிப் பார்த்தால் வலது கீழ் மூலையில் ஒரு மங்கல் திட்டு. அது எனக்குத் தொந்தரவில்லை. கீலை ஐந்தாறு தடவை மெதுவாகத் திறந்து மூடி, காதை வைத்துக் கேட்டேன்.

நவம்பர் 10

கேட்டவர்களுக்கு: ஃபர்ம்வேர் (பயாஸ் போன்ற உள்மென்பொருள்) புதுப்பிக்க விண்டோஸ் தேவையில்லை. எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரலை ஓடவிட்டேன், நிறுவனங்கள் ஃபர்ம்வேரை ஏற்றிவைக்கும் எல்விஎஃப்எஸ் தளத்திலிருந்து பயாஸை எடுத்து அதுவே போட்டுக்கொண்டது. சார்ஜை 80இல் நிறுத்தும் வசதியும் கர்னலிலேயே இருக்கிறது, டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரலில் இரண்டு வரி எழுதினால் போதும். பெரும்பாலும் மேஜையில் சார்ஜரோடு இருக்கும் லேப்டாப்புக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நவம்பர் 16

ஜூனில் வாங்கிய ரேம் இதற்கு உதவாது, இது டிடிஆர்4. எஸ்எஸ்டி உதவியது. நான் வாங்கியதில் 2.5 அங்குலத் தட்டு இருந்தது, 7 மிமீ எஸ்எஸ்டி அப்படியே உட்கார்ந்தது. மறுபடி நிறுவவில்லை. முதலில் பூட் பட்டியலில் அது தெரியவில்லை, யூஇஎஃப்ஐ (இன்றைய பயாஸ்) அந்தப் பதிவைப் பழைய போர்டில் வைத்திருந்தது. லைவ் யுஎஸ்பியிலிருந்து கிரப்பை (லினக்ஸை பூட் செய்யும் நிரல்) மறுபடி பதித்ததும் வந்துவிட்டது. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. அதே மேசைத்தளம், அதே சுவர்ப்படம், போன வாரம் பழையதில் திறந்து வைத்திருந்த டேப்கள்கூட அப்படியே.

டிசம்பர் 21

எபாக்ஸி நவம்பர் கடைசியில் விட்டுவிட்டது. பழையதின் திரையை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டேன், இப்போது அது கீபோர்டு மட்டும் உள்ள ஒரு பலகை. பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கையே திரும்ப மாட்டி, டெபியன் 13 என்ற லினக்ஸை திரை இல்லாத சர்வராக நிறுவி, ரௌட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் இரவு டி480இன் கோப்புகளை ஆர்சிங்க் என்ற நிரல் அங்கே நகலெடுக்கிறது. 12 ஜிபி ரேமும் அதில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டதால் வாரம் ஒரு தடவை ஸ்மார்ட் அறிக்கையைப் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) பார்க்கிறேன். மறுஒதுக்கப்பட்ட (பழுதாகி மாற்றப்பட்ட) செக்டார் இதுவரை பூஜ்யம்.